மூலை வெட்டிய அட்டை

போன வருடம் ஆனி மாதக் கடைசியில், பெங்களூரு காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரியின் மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நடந்த விஷயம் இது. நடந்து முடிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சரிசெய்ய ஆறு மாதம் ஆனது.

அந்த மாடியில் மாதம் ஒருமுறை நாங்கள் அட்டை சேகரிப்பவர்கள் கூடுவோம். சீட்டாட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். சூயிங்கம் பாக்கெட்டுக்குள் கிரிக்கெட் வீரர் படம் போட்டு இனாமாக ஓர் அட்டை வருமே, அதுதான். உங்களில் பலர் சேர்த்திருப்பீர்கள், பிறகு வீட்டில் யாராவது அதைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டிருப்பார்கள். அப்படி எடைக்குப் போகாமல் தப்பித்த சில அட்டைகளுக்கு இன்று ஒருவருடைய மாதச் சம்பளம் அளவுக்கு விலை உண்டு. எந்த வருடத்து அச்சு, எத்தனை வந்தது, மூலை மழுங்கியிருக்கிறதா, படம் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விலை சொல்வார்கள். விலை வந்துவிட்டதால் போலியும் வந்துவிட்டது.

நான் குடியாத்தம் பக்கத்துக்காரன். அப்பா, அம்மா இருவரும் செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். இப்போது ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை, ஈஜிபுராவில் மூன்று பேர் சேர்ந்து ஓர் அறை. கூட வேலை பார்க்கும் நண்பன்தான் என்னை முதன்முதலில் அந்த மாடிக்குக் கூட்டிப் போனான். அவன் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், பேச்சில் பாதி தமிழ், பாதி கன்னடம்.

மற்றவர்கள் ஆசைக்காகச் சேகரித்தார்கள். நான் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். வெளிநாட்டில் அச்சான ஒரு தடித்த விலைப் புத்தகம் இருக்கிறது. எந்த அட்டை எப்படி இருக்க வேண்டும், எதைப் பார்த்துப் போலியைக் கண்டுபிடிக்கலாம் என்று அதில் எல்லாம் இருக்கும். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இரண்டு முறை படித்து முடித்தேன். ஒரு வருடத்துக்குள் சந்தேகமான அட்டை எது வந்தாலும் என் மேஜைக்கு வர ஆரம்பித்தது. கைபேசி விளக்கை அட்டைக்குப் பின்னால் பிடித்து, வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பார்ப்பேன். நல்ல அட்டையின் இரண்டு அடுக்குக்கு நடுவில் ஒரு கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும், வெளிச்சம் தாண்டாது. பிறகு பூதக்கண்ணாடியில் அச்சுப் புள்ளிகளைப் பார்ப்பேன். எனக்கு 'எக்ஸ்ரே' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு முறை ஒரே போலி அட்டை கை மாறி கை மாறி நான்கு பேரை ஏமாற்றிவிட்டது. அதிலிருந்து, போலி என்று தெரிந்துவிட்டால், சொந்தக்காரரின் சம்மதத்தோடு அதன் மேல் மூலையைச் சின்ன முக்கோணமாக வெட்டிவிடுவோம். அதன் பிறகு அதை யாரும் நல்லது என்று விற்க முடியாது. வெட்டிய துண்டுகளை ஒரு கண்ணாடி ஜாடியில் போடுவோம். பழைய ஊறுகாய் ஜாடி. 'இன்னிக்கு எத்தன ஊறுகா?' என்று கேட்டுக்கொண்டேதான் ஆட்கள் மாடி ஏறுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓர் அக்கா வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வேலையின் நடுவில் எழுந்து வந்திருக்கிறார் என்பது பார்த்ததும் தெரிந்தது, கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒன்றிலிருந்து பச்சை ஓரம் போட்ட ஓர் அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"சார், பிரேசர் டவுன்ல ஆல்ட்ரேஷன் கடையில தைக்கிறேன். பொண்ண காலேஜ்ல சேக்கணும். என் தம்பி இத்த குடுத்தான். 'சும்மா அட்டைன்னு நெனைக்காதக்கா, சின்ன வயசுல நானே பாக்கெட்ட பிரிச்சு எடுத்தது, இன்னிக்கு இதுக்குத் தனி மவுசு'ன்றான். முன்னெல்லாம் வாய தொறந்தா கததான் விடுவான். இப்போ ரெண்டு வருஷமா ஒழுங்கா தண்ணி டேங்கர் ஓட்டறான். சரி, நம்பித்தான் பாப்போமேன்னு வந்தேன்."

எடுத்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். கையில் மெல்லிசாக இருந்தது. விளக்கைப் பிடித்தேன். அந்தப் பக்கம் வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. பின்பக்க எழுத்து நீலத்தில் இருக்க வேண்டும், இது பழுப்பு. புத்தகத்தில் இந்தத் தொகுப்புக்கு நான்கு அடையாளம் போட்டிருந்தது. நான்கும் தப்பு.

"இது காப்பிங்க்கா," என்றேன். "உண்மையான அட்டை இவ்ளோ மெல்லிசா இருக்காது."

"பாக்கெட்டுலேர்ந்து எடுத்தேன்னு சத்தியம் பண்ணானே சார்."

அதற்கு நான் சிரித்துக்கொண்டே சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. "இங்க வர்ற எல்லாருமே அப்படித்தான்க்கா சொல்லுவாங்க."

மேஜையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. நான் மூலை வெட்டும் வழக்கத்தைச் சொல்லி, சம்மதமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கவரில் போட்டுக் கொடுத்திருப்பேன். அவர் அட்டையை ஒரு நொடி பார்த்தார்.

"வெட்டிடுங்க சார். நான் ஏமாந்தா மாதிரி இன்னொருத்தர் ஏமாறக் கூடாதில்ல."

வெட்டினேன். துண்டு ஜாடிக்குள் போனது. அட்டையைக் கவரில் வைத்துக்கொண்டு எழுந்தவர், "உங்க டைம வேஸ்ட் பண்ணிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அதோடு அவரை நான் மறந்துவிட்டேன். கார்த்திகை மாதக் கூட்டம் வரைக்கும் மறந்தேதான் இருந்தேன்.

அன்று கோலார் தங்கவயலிலிருந்து வரும் எங்கள் உறுப்பினர் ஒருவர் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். தபால் ஆபீசில் வேலை செய்கிறவர். அவர் ஊரில் வெகு நாளாகப் பூட்டிக் கிடந்த ஒரு பெட்டிக்கடையைக் காலி செய்தபோது, பரண்மேல் இருபது சூயிங்கம் பாக்கெட் பிரிக்காமல் கிடைத்ததாம். பிரிக்காத பாக்கெட் என்றால் எங்களுக்குத் திருவிழா மாதிரி. மொத்தக் கூட்டமும் அவர் மேஜையைச் சுற்றி நின்றது. கைபேசியில் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

பாக்கெட்டின் ஒட்டலைப் பிளேடால் நிதானமாக வெட்டினார். சூயிங்கம் கல்லாகிப் போயிருந்தது, அதன்மேல் வெள்ளையாக மாவு. சோப்பு மாதிரி ஒரு வாசனை. அதற்கடியில் ஓர் அட்டை. அதை எடுத்து, "எக்ஸ்ரே, நீயே மொதல்ல பாரு" என்று என்னிடம் நீட்டினார்.

கையில் வாங்கினேன். மெல்லிசாக இருந்தது. பழக்க தோஷத்தில் விளக்கைப் பிடித்தேன். வெளிச்சம் பளிச்சென்று அந்தப் பக்கம் தெரிந்தது. திருப்பினேன். பழுப்பு எழுத்து.

"இன்னா குரு, பாக்கெட்டுக்குள்ளயே போலி போட்டு வித்தானுங்களா?" என்று என் நண்பன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். கோலார்க்காரர் பாக்கெட்டைத் திருப்பி, ஓரத்தில் எறும்பு மாதிரி இருந்த எழுத்தைப் படித்துக் காட்டினார். அச்சிட்ட ஊர் சிவகாசி என்று போட்டிருந்தது. அவர் விளக்கியதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. வெளிநாட்டிலிருந்து தடித்த அட்டை வருவதற்கு முன்னால், முதலில் கொஞ்ச நாள் உள்ளூரிலேயே மெல்லிசான தாளில் அச்சடித்து, தெற்கில் சில ஊர்களில் மட்டும் விற்றுப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் அது அபூர்வம். அதனால்தான் அது என் புத்தகத்தில் இல்லை. எழுதியவர்கள் அதைப் பார்த்ததே இல்லை.

எல்லோரும் அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கப் போனார்கள். நான் ஜாடியை எடுத்து ஒரு பேப்பரில் கவிழ்த்தேன். முப்பது நாற்பது முக்கோணங்கள். அதில் அந்தத் தையல்கார அக்காவின் அட்டையைப் போலப் பச்சை ஓரம் போட்டது ஒன்றுதான். பூதக்கண்ணாடியில் வைத்து, பாக்கெட்டிலிருந்து வந்த அட்டையோடு பார்த்தேன். அதே புள்ளி, அதே பழுப்பு, அதே தாள். அந்தத் தம்பி சொன்னது அப்படியே உண்மை. அவர் பாக்கெட்டைப் பிரித்துத்தான் எடுத்திருக்கிறார். நான் நல்ல அட்டையின் மூலையை வெட்டிவிட்டேன்.

மூலை போன அட்டைக்கு எங்கள் உலகத்தில் விலை கிடையாது. ஒட்டவும் முடியாது.

நண்பனிடம் மட்டும் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். "அஞ்சு மாசம் ஆச்சு. அவங்க பேரு தெரியாது, நம்பர் இல்ல. அவங்களே மறந்திருப்பாங்க. நீ போய் சொன்னா ஆறின புண்ண கீறுன மாதிரிதான். சும்னே இரு குரு."

அவன் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. இரண்டு வாரம் அந்த வசதியில் ஓட்டினேன். ஆபீசில் ரிலீஸ் இருக்கிறது என்று ஒரு சனிக்கிழமை, மழை என்று ஒரு சனிக்கிழமை.

மூன்றாவது வாரம் என்னைக் கிளப்பியது ஒரு பழைய நினைவு. நான் ஆறாவது படிக்கும்போது, வீட்டுத் தகரப் பெட்டியில் மடித்து வைத்திருந்த ஓர் அரசாங்கக் கடிதத்தைப் படித்தேன். வீட்டுமனைப் பட்டா தருகிறோம், இந்தத் தேதிக்குள் தாலுகா ஆபீசுக்கு வாருங்கள் என்று எழுதியிருந்தது. தேதி முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவிடம் கேட்டேன். வந்த அன்றைக்கே சூளைக் கணக்குப்பிள்ளையிடம் காட்டினாராம். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, போய் வேலையைப் பார் என்றாராம். "படிச்சவரு சொன்னாரு, நான் இன்னாடா பண்ணுவேன்?" என்றார் அப்பா, கோபமே இல்லாமல். அந்தக் கணக்குப்பிள்ளையை நான் பல வருடம் திட்டியிருக்கிறேன். இப்போது அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன், கையில் பூதக்கண்ணாடியோடு.

அந்தச் சனிக்கிழமை பிரேசர் டவுன் போனேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆல்ட்ரேஷன் கடை, கழுத்தில் டேப் போட்ட ஓர் அக்கா, அவ்வளவுதான். மூன்றாவது கடையில் அப்படியே சொல்லி விசாரித்தேன். அந்தக் கடைக்காரர் வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த ரோட்டுல கழுத்துல டேப் இல்லாத டைலர நீ காட்டு, நான் உனக்கு பிரியாணி வாங்கித் தரேன்."

ஆனால், தண்ணி டேங்கர் ஓட்டும் தம்பி, இந்த வருடம் காலேஜில் சேர வேண்டிய பெண் என்று சொன்னதும் பக்கத்து மெஷினிலிருந்து ஒருவர் வழி சொன்னார். மசூதியைத் தாண்டி, இரண்டாவது சந்தில், ஒரு ஷட்டர் அகலக் கடை. இரண்டு மெஷின். கால் வைக்க இடமில்லாமல் பள்ளிச் சீருடைகள் குவிந்திருந்தன. வெட்டு மேஜையில் வெள்ளைத் தொப்பி போட்ட மாஸ்டர் ஒருவர். மெஷினில் அந்த அக்கா.

"அட, எக்ஸ்ரே சாரு! இன்னா சார், பேண்ட் சின்னது பண்ணணுமா?"

அன்று மாடியில் மற்றவர்கள் என்னைக் கூப்பிட்டது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. பேருந்தில் வரும்போது எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. "அக்கா, அந்த அட்ட போலி இல்ல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன். பிறகு பாக்கெட், சிவகாசி எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன்.

மெஷின் நின்றது. என்ன விலை போயிருக்கும் என்று கேட்பார், அதற்கு என்ன பதில் சொல்வது என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்போ என் தம்பி பொய் சொல்லலியா?"

"இல்லக்கா."

கையிலிருந்த சீருடையை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார். அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, தெருவே கேட்கும்படி திட்டியிருக்கிறார். நான் பெற்ற பெண்ணின் படிப்பிலும் உன் பித்தலாட்டமா, நீ திருந்தவே மாட்டாயா என்று. தம்பி எதிர்த்துப் பேசவில்லை. நான் பிரித்து எடுத்தது அக்கா என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். ஓசூரில் ஒரு டேங்கர் வேலை தேடிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். அக்கா சீட்டுப் பணம் எடுத்துப் பெண்ணைக் காலேஜில் சேர்த்துவிட்டார். சேர்ந்த அன்று மாமன் வரவில்லை.

"தீவாளிக்குப் பொடவ குடுத்து அனுப்பனான் சார். வந்த ஆள்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன்."

அதற்குமேல் அவருக்குக் கோபம் வந்தது. வரத்தான் வேண்டும். "அம்மாம் பெரிய கண்ணாடி வெச்சுப் பாத்தீங்களே சார், அதுல இது தெரியலியா? தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுக்கு இன்னா? நீங்க சிரிச்சீங்க சார். எல்லாரும் சிரிச்சாங்க. அந்த சிரிப்புலதான் நான் அவன நம்பாம போனேன்."

"ஏம்மா, கஸ்டமர்கிட்ட சத்தம் போடாதே," என்றார் மாஸ்டர்.

"இவரு கஸ்டமர் இல்ல மாஸ்டர். எங்க குடும்பத்துக்குக் கத்திரி போட்டவரு."

 மாஸ்டர் தன் கையிலிருந்த கத்திரியை மெதுவாக மேஜைமேல் வைத்தார். அந்த நிலைமையிலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்கள இல்ல மாஸ்டர், நீங்க வெட்டுங்க," என்றார்.

தம்பிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. "என் நம்பர்னா எடுக்க மாட்டான். உங்க போன்லேர்ந்து போடுங்க. நீங்கதான் போலின்னீங்க, நீங்களே சொல்லுங்க."

என் எண்ணிலிருந்து போட்டதும் எடுத்தார். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம், எங்கோ தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. நான் யார், என்ன செய்தேன், இப்போது என்ன தெரிந்தது என்று சொன்னேன்.  மறுமுனையில் சந்தேகமாக ஒரு குரல்.

"எங்க அக்கா உங்கள இப்படி பேசச் சொன்னாங்களா?"

"இல்லங்க. நானேதான் தேடி வந்தேன்."

"அந்த பாக்கெட்ட உங்க முன்னாடியா பிரிச்சாங்க?"

"ஆமாங்க."

"கம்முமேல இன்னா இருந்துச்சு?"

"வெள்ளையா மாவு மாதிரி."

"வாசன?"

"சோப்பு மாதிரி அடிச்சது."

மோட்டார் சத்தம் நின்றது. "அதேதான்," என்றார். "லைப்பாய் இல்ல சார், ரோஸ் சோப்பு மாதிரி. நாங்க அத மோந்து மோந்து பாத்துட்டுத்தான் வாயில போடுவோம்."  நான் எத்தனையோ அட்டைகளை நல்லதா போலியா என்று சோதித்திருக்கிறேன். அன்று ஒருவர் என்னைச் சோதித்துப் பார்த்து, சரி இவன் உண்மைதான் சொல்கிறான் என்று ஏற்றுக்கொண்டார்.

போனை அக்காவிடம் கொடுத்தேன். மன்னிப்பு, அழுகை என்று ஏதாவது நடக்கும் என்று நினைத்து நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"டேய், அந்தப் பொடவைய இன்னாடா பண்ண?"

அங்கிருந்து என்ன பதில் வந்ததோ தெரியவில்லை.

"சரி, எடுத்துனு வா. கலரு நல்லாத்தான் இருந்துச்சு."

மாஸ்டர் டீ சொல்லி அனுப்பினார். எனக்கும் சேர்த்து.

அடுத்த மாதம் என்னிடமிருந்த இரண்டு நல்ல அட்டைகளை விற்று, வந்ததை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அட்டை போயிருக்கக்கூடிய விலைக்கு அது சமமில்லை என்பதையும் சொன்னேன். வேண்டாம் என்று மறுப்பார், நான் வற்புறுத்த வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். "வேணாம்னு சொல்ல நான் இன்னா பெரிய மனுஷியா? தப்பு பண்ணீங்க, குடுக்கறீங்க. கணக்கு முடிஞ்சுது." என் மனதிலிருந்து பாதிப் பாரம் இறங்கியது அந்தப் பேச்சில்தான்.

மீதிப் பாதியைத் தம்பி இறக்கினார். தை மாதக் கூட்டத்துக்கு அவரே வந்தார். காக்கிச் சட்டை, ஒல்லியான ஆள், முகத்தில் எப்போதும் ஒரு கிண்டல். மூலை வெட்டிய அட்டையை அதே கல்யாணப் பத்திரிகைக் கவரில் கொண்டுவந்திருந்தார். கோலார்க்காரர் அதைப் பார்த்துவிட்டு, மூலை போனாலும் பரவாயில்லை, தன் தொகுப்பில் இந்த எண் போட்ட அட்டை இல்லை, ஒரு விலை தருகிறேன் என்றார். தம்பி சிரித்தபடி தலையாட்டி மறுத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"நம்ம ஐட்டம் அசலுன்னு எழுதிக் குடுங்க சார். கையெழுத்தோட."

"எழுதித் தரேன். ஆனா நீங்கதான் விக்கப் போறதில்லையே, எதுக்கு?"

"போலின்னு எங்க அக்கா கத்துனது தெருவுக்கே கேட்டுச்சு. அசலுன்னு நீங்க சொன்னது போன்ல எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. நான் ஒரு முழு வெள்ளைத் தாள் வாங்கி, தமிழில் எழுதினேன். இந்த அட்டை பாக்கெட்டில் வந்த உண்மையான அட்டை, இதன் மூலையை என் அறியாமையால் நான் வெட்டினேன், இதன் உரிமையாளர் சொன்னது முழுக்க உண்மை. ஆபீசில் ஒரு நாளைக்கு நாற்பது மெயில் அனுப்புகிறவன், அந்த நான்கு வரி எழுத அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். எழுதியதை எழுந்து நின்று கூட்டத்துக்குப் படித்தேன். சாட்சி என்று போட்டு கோலார்க்காரர் கையெழுத்திட்டார். என் நண்பன் யாரும் சொல்லாமலேயே தானும் ஒரு கையெழுத்துப் போட்டான். அன்றோடு மூலை வெட்டும் வழக்கத்தை நிறுத்தினோம். சந்தேகமான அட்டையை இப்போது வெறும் உறையில் போட்டு, 'தெரியவில்லை' என்று ஒரு சீட்டு ஒட்டிக் கொடுத்துவிடுகிறோம்.

இரண்டு வாரம் கழித்துத் தம்பியிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது.  அட்டையையும் என் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லேமினேஷன் போட்டு, டேங்கர் லாரியில் டிரைவர் சீட்டுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் திருகாணி போட்டு மாட்டியிருந்தார். அட்டை சேகரிப்பவனிடம் போய் லேமினேஷன் என்று சொல்லிப் பாருங்கள், நெஞ்சைப் பிடித்துக்கொள்வான். சூடு பட்டு பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டால் அந்த அட்டையின் கதை முடிந்தது. படத்தை நண்பனிடம் காட்டினேன். "அய்யோ, கொன்னுட்டானே குரு! மூல போனதாவது பரவால்ல!" என்று அலறினான். கூடவே ஒரு குரல் செய்தியும் வந்திருந்தது. "சார், லோடு ஏத்தற எடத்துல எல்லாரும் படிக்கறானுங்க. படிக்கத் தெரியாதவனுக்கு நானே படிச்சுக் காட்டறேன். அக்கா வண்டியில ஏறிப் பாத்துட்டு, ஃபிரேம் கோணலா மாட்டிக்கீறன்னு திட்டிட்டுப் போச்சு."

அந்தப் படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் மனிதர்கள் கவரிலிருந்தும் டப்பாவிலிருந்தும் அட்டையை எடுத்து என் முன்னால் வைக்கிறார்கள், நானும் விளக்கைப் பிடிக்கிறேன். ஆனால் வாயைத் திறக்கும் முன்னால், இதை நல்லது என்று சொல்லிக் கொடுத்தனுப்பிய யாரோ ஒருவர் வீட்டில் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்பது எனக்கு ஞாபகம் வந்துவிடுகிறது, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அதுவே எனக்குத் தைரியம் தருகிறது.